புல்வெட்டிக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ரெண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒண்ணு என் அண்ணன், இன்னொண்ணு என் எருமை. அண்ணனாவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். எருமை புறவாசலிலேயே நின்றது. காலையில் பல் விளக்கப் போனால் எருமை, துண்டு காயப்போடப் போனால் எருமை. "வெளிய வாத்தியார் வீடுன்னு போர்டு மாட்டியிருக்கேன். உள்ள வந்தா மாட்டுத்தொழு" என்பார். அந்தத் தொழுவிலிருந்து வந்த பாலில் போட்ட காப்பியை ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அவர் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாத்தியார். எங்கள் குவார்ட்டர்ஸ் விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலேயே இருந்தது. மைதானத்தை ஒட்டி வாய்க்கால், அதைத் தாண்டி வயல், அதையும் தாண்டினால் தாமிரபரணி. வாய்க்கால் கசிவில் மைதானத்துப் புல்லுக்கு வருஷம் பூராவும் கொண்டாட்டம்தான். நானும் பக்கத்துத் தெருப் பெண்கள் சிலரும் பன்னருவாளும் சாக்குமாகப் போய் அறுத்துக்கொண்டு வருவோம். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். மைதானமும் சுத்தமாகும், மாட்டுக்கும் வயிறு நிறையும். எங்களுக்கென்று வயல் கிடையாது. எங்க அப்பா இருந்ததை எல்லாம் வித்துத் தீர்த்துவிட்டு எனக்கென்று கொடுத்தது அந்த எருமை ஒண்ணைத்தான். மைதானத்துப் புல் இல்லையென்றால் எருமையை வைத்துக்கொள்ள முடியாது.

அந்த வருஷம் அது சினையாக இருந்தது. கார்த்திகையில் ஈன வேண்டும். போன ஈத்தில் கன்று தங்கவில்லை. ஒரு வாரம் நின்றது, பிறகு படுத்தது எழுந்திருக்கவில்லை. அப்போது எருமை கத்தின கத்தலை நான் மறக்கவே முடியாது. அதனால் இந்தத் தடவை அதற்கு இளம்புல்லாகப் பார்த்துப் பார்த்து அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பாத்துப் பாத்துச் சோறு போட்டிருக்கியா?" என்று அவர் கேட்டார். "நீங்க என்ன சினையாவா இருக்கிய?" என்றேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் பாலிடெக்னிக் செயலாளருக்குக் கோட்டி பிடித்தது. அவர் ஜவுளிக்கடைக்காரர். வாத்தியாரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். அண்ணாச்சி வீட்டுக்குப் புதுசாகக் கலர் டிவி வந்திருந்தது. அதில் கிரிக்கெட் பார்த்தே மனுஷர் கெட்டுப்போனார். வெளிநாட்டு மைதானங்களில் புல் கோடு கோடாக, பத்தமடைப் பாயை விரித்துவிட்ட மாதிரி கிடப்பதைப் பார்த்துவிட்டு, நம்ம மைதானமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒத்தைக்காலில் நின்றார். நின்றவர் சும்மா இருக்காமல், மலையில் ஏதோ எஸ்டேட்டில் ஏலம் போட்ட பழைய புல்வெட்டி ஒண்ணையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற புல்வெட்டி அது. கவிழ்த்துப் போட்ட தாம்பாளம் மாதிரி ஒரு இரும்புத் தகடு. தகட்டுக்கு அடியில் கிறுகிறுவென்று சுத்துகிற பட்டைக் கத்திகள். தகட்டின் முதுகில் ஒரு கியர்பாக்ஸ். டிராக்டரின் ஓட்டத்தை வாங்கிக் கத்திக்குக் கொடுப்பது அந்த கியர்பாக்ஸ்தான். நாங்கள் அறுக்கிற மாதிரி அது அறுக்காது. புல்லைத் துண்டு துண்டாக்கி மண்ணோடு சேர்த்து விசிறியடிக்கும். அந்தத் தூளை எந்த எருமை தின்னும்?

மாட்டி ஓட்டின முதல் நாளே கியர்பாக்ஸ் கடகடவென்று கத்திவிட்டு நின்றுபோனது. நான் வாசலில் நின்று அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் என் வீட்டுக்காரர் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நின்றார். "விடுங்க அண்ணாச்சி. கியர்பாக்ஸ் தானே, நான் ஓட வைக்கேன். கார்த்திகையில ஸ்போர்ட்ஸ் நடக்க முந்தி நம்ம கிரவுண்டு டிவியில வார மாதிரி இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீங்க அத ஓட வச்சிட்டா எருமைக்குப் புல்லுக்கு நான் எங்கன போவேன்?"

"வைக்கோல் வாங்கிப் போடு."

"யாரு சம்பளத்துல?"

"அப்ப உங்க அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட்டுரு. எனக்கும் புறவாசல்ல காத்து வரும்."

என் அண்ணன் வீட்டுக்கு ஓட்டினால் அடுத்த சந்தையன்றைக்கு அது மேலப்பாளையத்தில் விலைக்கு நிற்கும். வயித்தில் கன்றோடு எவன் கையில் போய் விழுமோ. இது அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பேசுகிற மனுஷரோடு என்ன பேச? வாணலியில் கிடந்த கத்திரிக்காயைக் கரண்டியால் ரெண்டு சாத்து சாத்தினேன்.

கியர்பாக்ஸ் எங்கள் புறவாசலுக்கே வந்து சேர்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் வைத்துக் கழற்றினால் படிக்கிற பையன்கள் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்களாம். எருமைக்கு நாலு எட்டு தள்ளிப் பலகையைப் போட்டு, மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து கருப்பட்டிப் பாகு மாதிரி எண்ணெய் கறுப்பாக இறங்கியது. அதைப் பிடிக்க அவர் எடுத்துக்கொண்டது என் முறுக்கு சுடுகிற சட்டி. நான் போட்ட சத்தத்தில் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கழுவினா போயிரும்" என்றார். அந்த வருஷம் தீபாவளி முறுக்கில் டிராக்டர் வாசனைதான்.

உள்ளே ரெண்டே சக்கரம்தான். டிராக்டரிலிருந்து படுக்கையாக வருகிற தண்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம். கத்தியைத் தாங்குகிற நெட்டுத் தண்டில் ஒரு பெரிய பல்சக்கரம். பெரியதுக்கு ஒரு முகத்தில்தான் பல் உண்டு, முதுகு மொழுமொழுவென்று இருக்கும். அது சின்னதுக்கு மேலே கவிழ்ந்து உட்கார்ந்தால் கத்தி சரியான பக்கம் சுத்தும். சின்னதுக்குக் கீழே மல்லாந்து உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் சுத்தும். கத்திக்கு ஒரு ஓரத்தில்தானே கூர் இருக்கிறது? எதிர்ப்பக்கம் சுத்தினால் மொட்டை ஓரத்தால் புல்லைத் தடவிக் கொடுக்கும், வேறொண்ணும் நடக்காது. இத்தனையையும் சோத்துத் தட்டையும் டம்ளரையும் கவிழ்த்தும் நிமிர்த்தியும் எனக்கு விளக்கினார். ரசம் வேணுமா என்று நான் கேட்டதற்கு வந்த பதில் இது.

கழற்றும்போதே எந்தப் பக்கம் மேல் என்று ஒவ்வொரு சாமானிலும் அடையாளம் வைக்க வேண்டுமாம். எண்ணெய்ப் பிசுக்கில் சாக்பீஸ் நிற்கவில்லை. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? பீரோக் கண்ணாடியில் நான் ஒட்டி வைத்திருந்த ஒட்டுப்பொட்டை எல்லாம் உரித்துக்கொண்டு போய், சாமானை மண்ணெண்ணெயில் துடைத்து, மேல்பக்கமாகப் பார்த்து ஒட்டிவிட்டார். மறுநாள் குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தால் ஒரு பொட்டு இல்லை. விசேஷத்துக்கு என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெரிய சிவப்புப் பொட்டு, பெரிய சக்கரத்தின் முதுகில் உட்கார்ந்திருந்தது. "ஒனக்கு இருந்ததவிட அதுக்கு எடுப்பா இருக்கு" என்று சிரிக்க வேறு செய்தார்.

என்னால் ஆனதை நானும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு முழு நாள் கிடைக்கும். ஞாயிறு தவறாமல் சொதி வைத்தேன். கெட்டியாகத் தேங்காய்ப்பால், இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். சொதிச்சோறு தின்ற சைவப்பிள்ளை எவன் அன்றைக்குப் பொழுதுசாயும் முன் எழுந்திருப்பான்? ஸ்பேனர் கையில் இருக்கும்போதே வாயைப் பிளந்து தூங்கிவிடுவார். எருமைதான் பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டு காவல் நிற்கும். ஆனாலும் எழுந்ததும் மறுபடி உட்கார்ந்துவிடுவார், அந்தப் பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஜங்ஷன் பக்கம் போய்த் தேய்ந்த பேரிங்குக்குப் புதுசு வாங்கினார். எண்ணெய் கசியாமல் தண்டைப் பிடித்துக்கொள்கிற ரப்பர் சீல் இந்த ஊரில் கிடைக்காமல் மதுரையிலிருந்து வரவழைத்தார்.

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்க ஒரு அட்டை வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு வீட்டிலிருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து ஒவ்வொண்ணாக விரலால் நசுக்கிப் பார்த்தார். மெல்லிசாக இருந்தால், "இவன் மகளுக்கு இம்புட்டுதான் செலவழிப்பானா, கஞ்சப்பய" என்று தூக்கிப் போடுவார். கடைசியில் என் பெரியம்மா மகள் வீட்டுப் பத்திரிகை தடிப்பு சரியாக இருந்தது. பிள்ளையார் படத்தை மட்டும் பத்திரமாக வெட்டி எடுத்துப் பூஜை அறையில் வைத்துவிட்டு, மிச்சத்தில் வட்டம் போட்டார். தேதி எங்களுக்கு ஞாபகம் இருந்தது. மண்டபத்தின் பெயர் கியர்பாக்ஸுக்குள் போய்விட்டது. முகூர்த்தத்தன்று மூணு மண்டபம் ஏறி இறங்கி, கடைசிப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

எல்லாம் சேர்ந்து, இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்கிற நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. அவர் காலேஜில் பெரிய பெரிய மிஷினுக்கு எல்லாம் பூஜை என்று காலையிலேயே போய்விட்டார். வீட்டில் நான் அருவாமணை, பன்னருவாள், தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். புறவாசலில் பலகை மேல் சக்கரமும் தண்டும் கிடந்தன. அதுவும் ஆயுதம்தானே, என் எருமைக்கு எமனாக இருந்தாலும்? சாமி காரியத்தில் வஞ்சம் வைக்கக்கூடாது என்று அதையும் கொண்டுவந்தேன். ஒட்டுப்பொட்டோடு சாமிக்கு முன்னால் வைத்தால் விளங்குமா? எல்லாத்தையும் உரித்துப் போட்டேன். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். பெரிய சக்கரத்தைக் கவிழ்த்து வைத்தால் பூரிப்பலகை மாதிரி இருந்தது. பல் தெரிய மல்லாத்தி வைத்தேன், தாமரைப்பூ மாதிரி அம்சமாக இருந்தது. பல்லுக்கு நடுவில் நல்ல பெரிய பொட்டாக வைத்து, ஒரு முழம் பிச்சியும் சாத்தினேன்.

அவர் வந்தார், பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், சுண்டலைத் தின்றார். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூவை எடுத்துப் பூஜையை முடித்துவிட்டு நான் கோயிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் பெரிய சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னங்க, மேலுகாலு வலிக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று ஸ்பேனரை எடுத்தார். மத்தியானத்துக்குள் மூடி முடுக்கியாகிவிட்டது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், கடைசித் தடவை என்று நினைத்துப் புல் அறுத்தேன். அழுகை அழுகையாக வந்தது.

ஐப்பசி மழை ஒரு சுற்று பெய்து புல் முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு நாள், வெயிலடித்ததும் அண்ணாச்சி வந்து இறங்கினார். தேங்காய் உடைத்தார்கள். டிராக்டர் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வாத்தியார்மார், பையன்கள், எங்கள் புல்லறுக்கிற கூட்டம் எல்லாரும் ஓரத்தில் நின்றோம். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். டிரைவர் டிராக்டரைக் கிளப்பினார். கியர்பாக்ஸ் கொஞ்சங்கூடக் கத்தாமல், ஒரு சொட்டு எண்ணெய் கசியாமல் அழகாகச் சுத்தியது. டிராக்டர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஒரு புல் அறுபடவில்லை. அத்தனையும் எண்ணெய் தேய்த்துப் படிய வாரின தலை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. டிரைவர் திரும்ப வந்தார். இப்போது அது அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் நின்ற பையன்களில் எவனோ, "சார், வகிடு எடுத்தாச்சி. பூ வச்சிருவோமா?" என்றான். மைதானமே சிரித்தது. எனக்குச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐயோ அம்மா, நீ இருக்கே தாயே என்று மனசு குதித்தது.

"என்ன வே இது? புல்ல வெட்டச் சொன்னா தடவிக் குடுக்கேரு?" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார்.

என் வீட்டுக்காரர் குனிந்து கத்தியைப் பார்த்தார். நிமிர்ந்தார். கை நீட்டி என்னைக் காட்டினார். "அண்ணாச்சி, நான் எது மேல் பக்கம்னு அடையாளத்துக்குப் பொட்டு ஒட்டி வச்சிருந்தேன். வீட்ல ஆயுத பூஜை போடுதேன்னு அத உரிச்சிட்டு, சக்கரத்தப் பெரட்டிப் போட்டு அந்தப் பக்கம் குங்குமத்த வச்சிட்டா. நான் பொட்ட நம்பி மாட்டிட்டேன். கத்தி எதிர்ப்பக்கம் சுத்துது."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "ஏம்மா, சாமி கும்பிட வேற சாமானே கிடைக்கலையா ஒனக்கு?" என்றார் அண்ணாச்சி. பக்கத்தில் நின்ற புல்லறுக்கிறவள் ஒருத்தி என் இடுப்பில் குத்தி, "நல்ல சோலி பாத்தக்கா" என்று காதில் சொன்னாள். அவளுக்கு என் மேல் ஒரே மரியாதை.

"மறுபடி கழத்தி மாட்டும் வே" என்றார் அண்ணாச்சி.

"மாட்டிருவேன் அண்ணாச்சி. ஆனா கழத்துனா அந்த சீல் போயிரும். திரும்ப மதுரையில சொல்லணும். ஸ்போர்ட்ஸுக்கு முந்தி ஆகாது."

அண்ணாச்சி படுத்துக் கிடந்த புல்லைக் காலால் ஒரு எத்து எத்தினார். பிறகு, "சவத்த ஷெட்டுல தள்ளுங்க. இந்தப் பொம்பளையாளுகள வச்சே அறுத்துத் தள்ளிருங்க. புல்ல அவங்களே எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எருமை பிழைத்தது. சாக்கு நிறையப் புல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் வருகிற வழியெல்லாம் வாத்தியார் வீட்டுப் பெண்டுகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் உடம்பெல்லாம் எரிந்தது. பொழுதுசாயும் நேரம் அவர் புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தார். காப்பியை டங்கென்று பக்கத்தில் வைத்தேன்.

"ஊர் முன்னால என்னக் கூறு கெட்டவளாக்கிட்டிய. பொட்டு மாறினா ஒங்களுக்குக் கண்ணு எங்க போச்சு? இத்தன வருஷம் எத்தன சக்கரம் மாட்டியிருக்கிய?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்றார் காப்பியை ஆற்றிக்கொண்டே. "அந்தத் தண்டுல சக்கரம் காலாகாலமா ஒரே இடத்துல உக்காந்திருக்கு. அரணாக்கயிறு கட்டுன இடுப்புல தடம் கெடக்கும்லா, அது மாதிரி தடம் போட்டுருக்கு. கண்ணு தெரியாதவன்கூட விரலால தடவிப் பாத்து இங்கனதான் மாட்டணும்னு சொல்லிருவான். இதுக்குப் பொட்டு எதுக்குட்டி?"

படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "அப்ப தெரிஞ்சேதான் மாத்தி மாட்டினியளா?"

காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். "நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப ஒன் எருமை கத்திக்கிட்டே நின்னுது. என்னன்னு போய்ப் பாத்தேன். வயித்துல கை வச்சேன். உள்ள இருந்து ஒரு மிதி மிதிச்சுது பாரு" என்று சொல்லி, வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. கூடவே ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லது செஞ்சத நாலு சுவத்துக்குள்ள சொல்லுதிய, பழிய மட்டும் மைதானத்துல வச்சு என் தலையில போட்டியளே!" என்று கத்தியே விட்டேன்.

"பின்ன? ஒர்க்‌ஷாப் வாத்தியாருக்குச் சக்கரம் மாட்டத் தெரியலன்னு ஊரு பேசலாமா?" என்றவர், தொழுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். "பைய பேசுட்டி. அங்கன புள்ளத்தாச்சி படுத்திருக்கா."